மந்த காலத்தில் சர்க்காரின் முதற் கடமை

திருவானைக்காவல் கோயிலின் வெளி மதிலுக்குத் திருநீற்று மதில் என்று பெயர். அது எழுந்த வரலாற்றை அவ்வூரார் இன்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மதிற்பணி நடந்தபோது இறைவனே ஒரு சித்தர் வடிவில் வந்து வேலையை மேற்பார்த்தாராம். பொழுது சாய்ந்து வேலை நின்றதும் ஒவ்வொருவர் கையிலும் சிறிது திருநீற்றைக் கூலியாக இட்டாராம். அத்திருநீறு, வாங்கியவன் அன்று செய்த வேலைக்குத் தக்க அளவு பொன்னாக மாறிற்றாம். இதைப் புராணக் கதை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. பெரும் பணி எடுத்துச் செய்யும் எஜமானன் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று நம் முன்னோர் கருதினார்கள் என்பதை இது காட்டுகிறது. வேலைக்கேற்ற கூலி, அதுவும் வேலை செய்த அன்றைக்கே கூலி. இவ்விரண்டே அதன் நீதி.

வியாபாரம் மந்தமாகும்போது சிறு தொழில் நடத்துவோருக்குச் சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கடன் கொடுக்க வேண்டும் என்பர் சிலர். வரியைக் குறைக்க வேண்டும் என்பர் சிலர். ஒன்றுமே செய்யாமல் விலகி நிற்பதே நன்று என்பாரும் உளர். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. சர்க்காரும் சர்க்காரின் தொழில் ஸ்தாபனங்களும் தாங்கள் வாங்கிய வேலைக்குரிய பணத்தைத் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும். மந்தம் வந்த சமயத்தில் வேலையை நிறுத்திவிடாமலும் இருக்க வேண்டும். இந்தக் கடமை நிறைவேறாத இடத்தில் மற்ற உதவிகள் எல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரேயாகும். திருச்சிராப்பள்ளிச் சீமையின் அனுபவம் இதற்குப் போதிய சாட்சியாகும்.

துவாக்குடிச் சாலையிலே

திருவானைக்காவலிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, தஞ்சாவூர்ச் சாலையில் கிழக்கே சென்றால் அரியமங்கலமும் திருவெறும்பூரும் துவாக்குடியும் வரிசையாக வரும். 1920களின் இறுதியில் பொன்மலையில் ரயில்வே தொழிற்சாலை எழுந்த நாள் முதலே இரும்பு வேலை இவ்வட்டாரத்துக்குப் பழகிய வேலையாகிவிட்டது. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்டராமன் தொழில் மந்திரியாகவும் இருந்த காலத்தில், செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியுடன் திருவெறும்பூரில் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலைக்கு அடிகோலப்பட்டது. அதுவே பின்னர் பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சி ஆலையாக வளர்ந்தது. தேசத்தின் அனல் மின் நிலையங்கள் பலவற்றின் கொதிகலன்கள் இங்கே பிறந்தவையே.

அவ்வளவு பெரிய வேலையை ஓர் ஆலைக்குள்ளேயே செய்து முடிக்க இயலாது. ஆகவே சுற்றுப்புறத்தில் சிறு பட்டறைகள் தோன்றின. பெரிய ஆலை இரும்புத் தகடுகளையும் குழாய்களையும் கொடுக்கும். சிறு பட்டறைகள் அவற்றை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, வர்ணம் பூசித் திருப்பிக் கொடுக்கும். டன் கணக்கில் கூலி பெறும். சர்க்காரும் இதை ஊக்குவித்தது. தொழிற்பேட்டை அமைத்து மனை கொடுத்தது. பாங்குகளைக் கடன் கொடுக்கச் சொல்லிற்று. ஆலையில் பயிற்சி பெற்றோரும், பாலிடெக்னிக் படித்தோரும், வெல்டராக இருந்து கையில் கொஞ்சம் பணம் சேர்த்தோரும் வீட்டை ஈடு வைத்துக் கொட்டகை போட்டார்கள். கூலிக்காரனாயிருந்தவன் நாலு பேருக்குக் கூலி கொடுப்பவனானான். சுதந்திர தேசம் இதைக் காட்டிலும் வேறென்ன விரும்ப முடியும்?

2007 முதல் 2012 வரை நடந்த பதினோராவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் மின்சார உற்பத்திக்குப் பெரும் முயற்சி நடந்தது. பட்டறைகளில் இரவு பகலாக வேலை. ஆர்டரை நம்பிப் பலர் கொட்டகையைப் பெரிதாக்கினர்; புதிய கிரேன் வாங்கினர்; பாங்குகளும் தாராளமாகக் கடன் கொடுத்தன.

அதன் பிறகு காற்று திசை மாறியது. நிலக்கரித் தட்டுப்பாடு, மாநில மின்சார விநியோக ஸ்தாபனங்களின் கடன் சுமை, சீன இயந்திரங்களின் போட்டி ஆகிய யாவும் ஒருங்கே வந்து சேர்ந்தன. 2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்துச் செய்தது. முறைகேட்டுக்கு அத்தீர்ப்பு தக்க பதிலே. ஆனால் அச்சுரங்கங்களை நம்பியிருந்த மின் நிலையங்கள் தயங்கி நின்றன. 2015-16ஆம் வருஷத்தில் பாரத மிகுமின் நிறுவனமே நஷ்டக் கணக்குக் காட்டிற்று. யானைக்கே தீனி குறைந்தபோது அதன் நிழலில் நின்றவர்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. வட்டி நிற்கவில்லை, மின்சாரத்துக்குரிய நிலைக் கட்டணம் நிற்கவில்லை. 90 நாள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதற்குமேல், கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போடப் பாங்குகளுக்கு 2002ஆம் வருஷத்துச் சர்பாசி சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. கொட்டகையோடு குடியிருக்கும் வீடும் ஈட்டில் அடங்கியிருந்தால் தொழிலோடு வீடும் போகும். கொதிகலன் விதிகளின்படி பரீட்சை தேறிய வெல்டர்கள் வளைகுடா நாடுகளுக்கும் வேறு மாநிலங்களுக்கும் போயினர். ஊரிலே தங்கியவர்கள் கிடைத்த வேலையைச் செய்தனர். இந்த மந்தம் துவாக்குடியோடு நின்றுவிடக்கூடியதா? சனிக்கிழமை கூலியைக் கொண்டு நடப்பது மளிகைக் கடை. மாதச் சம்பளத்தைக் கொண்டு நடப்பது ஜவுளிக் கடை. பட்டறை வாயில் அடைபட்டால் திருவானைக்காவல் சந்நிதித் தெருவிலும் கடன் நோட்டுப் பெருக்கும். கல்லாப் பெட்டி இளைக்கும்.

குற்றம் யாருடையது?

இங்கே மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வாடிக்கைக்காரரை நம்பித் தொழில் நடத்துவது விவேகமன்று. நல்ல காலம் நிலைத்திருக்குமென்று எண்ணிக் கடனை ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. நஷ்டமடைந்த ஒவ்வொரு முதலாளியையும் பொதுப் பணத்தால் தூக்கி நிறுத்த வேண்டும் என்று எவரும் வாதிக்க மாட்டார்கள்; நாமும் வாதிக்கவில்லை. அந்தப் பொதுப் பணம் பட்டறை வைக்க வசதியில்லாத கூலிக்காரனின் பணமுமாகும்.

ஆனால் இந்தச் சிறு முதலாளிகள் தாமாகவே போய் ஒரு வாசலில் நிற்கவில்லை. தேசத் திட்டத்தின் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டவர்கள். பெரிய ஆலையின் தேவைக்கென்றே அமைத்த இயந்திரத்தை மறுநாள் வேறு வேலைக்குத் திருப்பிவிட இயலாது. அன்றியும் நஷ்டம் வந்தபோது அதைத் தாங்கும் விதத்தில் பெரியவனுக்கும் சிறியவனுக்கும் எவ்வளவு வேற்றுமை! பெரிய ஸ்தாபனத்துக்குச் சர்க்கார் துணை உண்டு; சேமிப்பு உண்டு; ஒரு வருஷ நஷ்டத்தை மறு வருஷ லாபத்தில் சரிக்கட்டலாம். சிறியவனுக்கு மூன்று மாதமே கெடு.

சரித்திரம் சொல்வது

மந்தத்தின்போது கை கட்டி நின்ற சர்க்காரை நம் தேசம் ஒரு முறை கண்டிருக்கிறது. 1929ல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் இங்கே பரவியபோது விளைபொருள் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. அந்நிய சர்க்கார் என்ன செய்தது? சிக்கனம் என்று சொல்லித் தன் செலவைச் சுருக்கிற்று. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபோதும் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற உயர்ந்த விகிதத்திலேயே ஸ்டெர்லிங்கோடு பிணைத்து வைத்தது. கடனாளியான குடியானவன் வீட்டுத் தங்கம் கப்பலேறிற்று. பின்னர் 1938ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து சுமையைக் குறைத்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை இழந்துவிட்டன.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933 முதல் சாலை, அணை, பள்ளிக்கூடம் என்று பொது வேலைகளை எடுத்து ஜனங்களுக்குக் கூலி கொடுத்தார். எல்லாரும் செலவைக் குறைக்கும்போது சர்க்காரும் குறைத்தால் மந்தம் முற்றும். அப்பொழுது செலவழிக்க வேண்டியது சர்க்காரே என்ற கருத்தை 1936ல் கீன்ஸ் நூலாக எழுதி நிலைநாட்டினார். ஒருவன் செலவே மற்றொருவன் வரவு என்பது சந்தையில் காய்கறி விற்கும் கிழவிக்கும் தெரிந்த உண்மைதான்.

2020ல் கொரோனா நோய் காரணமாகத் தேசமெங்கும் கதவடைப்பு வந்தபோது நம் சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மார்ச் மாதம் முதல் ஆகஸ்ட் முடியக் கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் பாங்கு இடங்கொடுத்தது. மே மாதத்தில் 3 லட்சம் கோடி ரூபாய் வரை ஈடின்றிப் புதுக் கடன் கொடுக்கும் திட்டம் வந்தது. சர்க்காரே அதற்கு முழு ஜாமீன் நின்றது. அதனால் பிழைத்த தொழில்கள் பல. ஆனால் அதன் உள்ளமைப்பைப் பாருங்கள். பழைய கடன் பாக்கியில் 20 சதவீதம் என்று புதுக் கடன் கணக்கிடப்பட்டது. ஆகவே முன்பே பாங்குக் கடன் பெற்றவருக்குத்தான் அது கிட்டிற்று. முன்பே வாராக்கடன் ஆனவர்களுக்கு அதில் இடமில்லை. துவாக்குடியில் 2020க்கு முன்னரே விழுந்துவிட்டவர்களுக்கு அத்திட்டம் எட்டாக்கனியாயிற்று. தவிர, தவணை தள்ளிற்றேயன்றி வட்டி தள்ளவில்லை. வட்டிக்கு வட்டி கூடாதென்று 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் அதே வருஷம், சிப்பந்திகளை நீக்காமல் சம்பளம் கொடுத்த சிறு தொழில்களுக்கு அளித்த கடனைச் சர்க்காரே தள்ளுபடி செய்தது. அதில் விரயமும் நிகழ்ந்தது என்று நிபுணர் பின்னர் எடுத்துக்காட்டினர். ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தால் குறைந்த கூலியில் ஒரு பகுதியைப் பொது நிதி ஈடு செய்கிறது. 2009லும் 2020லும் அம்முறை தேர்ந்த தொழிலாளிகள் சிதறாமல் காத்தது. வேலையில்லாதவனுக்குக் கடன் கொடுத்தால் அது மேலும் ஒரு சுமை. வேலையோ கூலியோ கொடுத்தால் அது பிழைப்பு. இந்த வேற்றுமையை நம் திட்டங்கள் போதிய அளவு உணரவில்லை.

சட்டம் உண்டு, பயமும் உண்டு

நிற்க. பாக்கி விஷயத்துக்கு வருவோம். 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அபிவிருத்திச் சட்டம் தெளிவாக இருக்கிறது. குறு, சிறு தொழிலிடம் சரக்கோ சேவையோ பெற்றவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கின் பாங்கு வட்டி விகிதத்தைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. முறையிடுவதற்கு மன்றமும் உண்டு. திருச்சியிலேயே அத்தகைய மன்றம் இருக்கிறது. 2017 முதல் வீட்டிலிருந்தே கணினி வழியாக மனுச் செய்யலாம். இவ்வளவு இருந்தும் சிறியவன் ஏன் முறையிடத் தயங்குகிறான்? வழக்குப் போட்டால் பாக்கி வரும். அடுத்த ஆர்டர் வராது. இந்தப் பயத்தைச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவும் நீக்கவில்லை.

2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு புதிய கடிவாளம் அமலுக்கு வந்தது. குறித்த காலத்தில் சிறு தொழிலுக்குப் பணம் கொடுக்காதவர் அத்தொகையைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருமான வரியே செலுத்தாத சர்க்கார் இலாகாக்களை அந்தக் கடிவாளம் எப்படிக் கட்டுப்படுத்தும்?

இன்னும் ஒரு விந்தையைக் கேளுங்கள். ஒரு பட்டறைக்காரர் 10 லட்ச ரூபாய்க்குக் கூலி வேலை செய்து பில் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வரி 18 சதவீதமானால் 1,80,000 ரூபாய். பில் தொகை வந்ததோ இல்லையோ, சரக்கு-சேவை வரியை அடுத்த மாதமே அவர் கட்டிவிட வேண்டும். வாங்கிய பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழிக்கலாம். ஆனால் கூலி வேலையில் செலவின் பெரும் பகுதி சம்பளம். சம்பளத்தில் கழிக்க வரி ஏது? பாக்கி ஆறு மாதம் நின்றால், 12 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு 60,000 ரூபாய் போயிற்று. நூற்றுக்கு ஆறு லாபம் என்று கணக்கிட்டு வேலை எடுத்தவருக்கு லாபம் முழுவதும் வட்டிக்குச் சரி. வாங்கியவர் சர்க்கார் ஸ்தாபனமாக இருந்துவிட்டாலோ, சர்க்காரிடமிருந்து வராத பணத்துக்குச் சர்க்காருக்கே வரி கட்டக் கடன் வாங்குகிறார் என்றாகிறது! ஏழை பணக்காரனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எந்த நீதி நூல் ஒப்பும்?

யானையும் சிலந்தியும்

திருவானைக்காவல் தல வரலாறு யாவரும் அறிந்ததே. நாவல் மரத்தடியில் இருந்த இறைவனுக்கு யானை நீர் கொணர்ந்து ஆட்டியது; சருகு விழாதபடி சிலந்தி வலை கட்டியது. வலையைக் குப்பையென்று எண்ணி யானை அழித்தது. பன்முறை இது நிகழவே சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டுமே மாண்டன. யானை தீய எண்ணத்தோடு வலையை அழிக்கவில்லை. காலடியில் இருப்பதை அது கவனிக்கவில்லை, அவ்வளவே. பெரிய ஸ்தாபனங்கள் ஆர்டரை நிறுத்தும்போதும் பில்லைத் தள்ளிவைக்கும்போதும் நடப்பது இதுவே. கடைசியில் நஷ்டம் இருவருக்கும்தான். சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக் கோயில்களைக் கட்டினான் என்பர். பெரியவனின் பலம் எட்டாத ஓர் இடத்தைச் சிறியவனுக்குக் கட்டிக் கொடுப்பதே அரசின் வேலை.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்? நாம் கேட்பவை அதிகமல்ல.

முதலாவது, 45 நாள் கடந்தவுடன் முறையீடு இல்லாமலே வட்டி சேர்ந்து பில்லோடு வர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் உரிமை, பயந்தவனுக்கு உரிமையாகாது. சர்க்கார் இலாகாக்களும் பொதுத்துறை ஸ்தாபனங்களும் வழி காட்டினால் தனியார் பின்பற்றுவர். கிராமப்புற வேலை உறுதிக்காக 2005ல் இயற்றிய சட்டம் 15 நாளில் கூலி என்று விதித்தது. மண் வெட்டியவனுக்குப் பொருந்தும் நீதி இரும்பு வெட்டியவனுக்குப் பொருந்தாதா?

இரண்டாவது, மத்திய சர்க்கார் இலாகாக்களும் ஸ்தாபனங்களும் தம் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டுமென்ற விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் கொள்முதலே பாதியாகும்போது அந்த 25 சதவீதமும் பாதியாகிவிடுகிறது; மந்த காலத்தில்தான் அது கை விடுகிறது. எப்படியும் வாங்க வேண்டிய ரயில்வே உறுப்புகளையும் பாலச் சட்டங்களையும் மந்த வருஷத்தில் முன்கூட்டியே வாங்கவும், அப்போது சிறியவர் பங்கை உயர்த்தவும் ஏற்பாடு வேண்டும். பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறப்பது போன்றதே இது.

மூன்றாவது, சிறியவர் சர்க்கார் ஸ்தாபனங்களுக்குச் செய்த வேலைக்கு, பணம் கைக்கு வந்த பிறகே சரக்கு-சேவை வரி கேட்க வேண்டும்.

நான்காவது, தள்ளாடும் தொழிலைப் பாங்குகள் முதலில் சீர்ப்படுத்த முயல வேண்டும் என்று 2015ஆம் வருஷத்து ஏற்பாடு கூறுகிறது. அது பாங்குகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் கூறிற்று. ஆனால் தொழில் நடத்துவோர் உரிய காலத்தில் தாமே கேட்க வேண்டும் என்றும் கூறிற்று. இந்த உரிமை தமக்குண்டு என்பதை ஏல நோட்டீஸ் வந்த பிறகு அறிவோரே அதிகம். முதல் தவணை தவறும்போதே தமிழில் எழுதி அறிவிப்பது பாங்குகளின் கடமையாக வேண்டும்.

தொழில் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. ஒரே வாசலில் நிற்பது ஆபத்து என்பதைப் பட்டறிந்தாயிற்று. 2019 ஜனவரியில் ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடம் திருச்சியிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. ரயில்வே வேலைக்கும் பக்கத்திலேயே பொன்மலை இருக்கிறது. தனித்தனியே டன்னுக்குக் கூலியைக் குறைத்துக் கேட்டு ஒருவரையொருவர் வீழ்த்துவதை விட்டு, சங்கமாகச் சேர்ந்து வேலையும் விலையும் பேச வேண்டும். பயம் தனி ஆளுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை.

2023-24 முதல் அனல் மின் நிலைய ஆர்டர்கள் மீண்டும் வரத் தொடங்கின. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பூட்டிய கொட்டகையில் துருப்பிடித்த இயந்திரத்தை ஒரு நாளில் ஓட்ட முடியாது. கடல் கடந்து போன வெல்டரை ஒரு கடிதத்தில் திரும்ப அழைக்க முடியாது. பத்து வருஷம் பழகிய கை வேலை தேசத்தின் சொத்து. அதை ஏலத்தில் விற்றவர்கள் ஏலத்தில் திரும்ப வாங்க இயலாது. நல்ல காலம் வந்துவிட்டதென்று இப்பொழுது இக்கேள்வியை மறந்துவிட்டால், அடுத்த மந்தம் இதே கதையை மறுபடி எழுதும்.

திருநீற்று மதில் இன்றும் உறுதியாக நிற்கிறது. கூலியை நாளைக்கு வா என்று சொல்லாமல் அன்றைக்கே கொடுத்துக் கட்டிய மதில் அது. நம் சர்க்கார் திருநீற்றைப் பொன்னாக்க வேண்டாம். ஒப்புக்கொண்ட ரூபாயை ஒப்புக்கொண்ட நாளில் கொடுத்தால் போதும்.